கரைக்கு முன் கோடி: கல்வராயன் அடிவாரத்தில் ஒரு கொல்லைக் குட்டை

சரிவான நிலத்தில் மேட்டுப் பக்கம் மண்ணை வெட்டி, வெட்டிய மண்ணாலேயே பள்ளத்துப் பக்கம் கரை போட்டு, மழைநீரைத் தேக்கி வைப்பது கொல்லைக் குட்டை. ஏரிக்கு உள்ள உறுப்புகள் எல்லாம் இதற்கும் உண்டு. தண்ணீர் வரும் வழி, தண்ணீரைத் தாங்கும் கரை, மிஞ்சிய தண்ணீர் போகும் கோடி. பாசனத்துக்கு மதகு மட்டும் இல்லாமல் போகலாம். இன்று அதற்குப் பதிலாக ஒரு சிறிய மோட்டாரே போதும். இவற்றில் கரைக்குத்தான் எல்லோரும் பணம் செலவழிக்கிறார்கள். குட்டையின் ஆயுளைத் தீர்மானிப்பது கோடி.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மேற்கு எல்லை முழுக்கக் கல்வராயன் மலைதான். மலையில் இறங்கும் ஓடைகள் கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் திரண்டு, அடிவாரத்தில் ஆளுக்கோர் அணையை நிரப்பிவிட்டு, விருத்தாசலம் பக்கமாகப் போய் வெள்ளாற்றில் சேர்கின்றன. கோமுகி அணையின் முழு உயரம் 46 அடி. ஆனால் பாதுகாப்புக் கருதி 44 அடியிலேயே நிறுத்தி, அதற்கு மேல் வருவதைத் திறந்துவிடுவது வழக்கம். பெரிய அணைக்கே அந்த இரண்டடி எச்சரிக்கை தேவைப்படுகிறது என்பது குட்டை வெட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மி.மீ. மழை பெய்யும் பகுதி இது. தென்மேற்குப் பருவமும் ஓரளவு கொடுக்கும், ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை. ஆனால் அடியில் இருப்பது கெட்டிப்பாறை. மேலே உள்ள மண்ணும் சிதைந்த பாறையும் குடிக்கிற அளவு தண்ணீரைத்தான் நிலம் சேர்த்து வைக்க முடியும். சரிவில் விழுந்தது ஓடிப்போகிறது, பங்குனியில் கிணறு அடிமட்டம் தொடுகிறது. மரவள்ளியும் மக்காச்சோளமும் போட்டவர்கள், மலைமேல் சாமையும் தினையும் விதைப்பவர்கள், எல்லோருக்கும் ஒரே கவலை. ஓடும் தண்ணீரைக் கொல்லைக்குள்ளேயே சில வாரம் நிறுத்தினால் பக்கத்துக் கிணற்றின் ஊற்றுக்கண்ணும் உயிர்பெறும்.

இடம் தேர்வு செய்வதற்கு ஒரு நல்ல மழை நாளைவிடச் சிறந்த கருவி இல்லை. தண்ணீர் எங்கே கூடி எந்தப் பக்கம் இறங்குகிறது என்று குடையோடு நின்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் ஓடையைக் குறுக்கே மறிக்கக் கூடாது. பட்டா நிலத்தின் ஊடே ஓடினாலும் அது ஓடைப் புறம்போக்காக இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தையும் ‘அ’ பதிவேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மலைமேல் காப்புக்காட்டு எல்லையையும் பார்க்க வேண்டும். கரை உடைந்தால் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகும் என்ற கேள்விக்கு ‘வயலுக்கு’ என்ற பதில் கிடைக்கும் இடமே சரியான இடம். கழிவறைத் தொட்டிக்கு மேட்டுப் பக்கமாக, அதைவிட்டு நன்றாக விலகி இருக்க வேண்டும். வீட்டுக் கூரைத் தண்ணீரையும் குட்டைக்குத் திருப்பலாம். 1,000 சதுர அடிக் கூரை, ஒரு செ.மீ. மழைக்கே 800 லிட்டர் அளவுக்குக் கொடுக்கும்.

அடுத்து மண். ஈரமண்ணை உருட்டி உருண்டையாக்கி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட வேண்டும். சிதறிப் போனால் அது கரைக்கு ஆகாத மண். சப்பையாகி ஒட்டிக்கொண்டால் தண்ணீர் நிற்கும். அடிவாரத்துச் செம்மண் சரளை கல்லுபோல இறுகும், ஆனால் கசியும். சமவெளிப் பக்கத்துக் கரிசல் தண்ணீரை விடாது, ஆனால் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். கரையின் நடுவில் களிமண்ணோ கரிசலோ, அதை மூடி இரு பக்கமும் செம்மண்.

கரை போடுமுன் புல்லையும் வேரையும் மேல்மண்ணையும் வழித்து எடுத்துவிட வேண்டும். பிறகு கரையின் நடுக்கோட்டில் இரண்டடி அகலத்தில், கெட்டியான மண் தட்டுப்படும் வரை ஒரு வாய்க்கால் வெட்டிக் களிமண்ணால் நிரப்பி இடிக்க வேண்டும். இந்த அடிவாய்க்கால் இல்லாத கரை தரையின்மேல் வைத்த மண்மூட்டைதான். தண்ணீர் அடியில் புகுந்து போய்விடும். மண்ணை அரையடிக்கு மேல் கனமில்லாத அடுக்குகளாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் திமிசு போட்டு இடிப்பது முறை. பொக்லைன் ஒரே மூச்சில் குவித்துவிட்டுப் போகும் மண் பார்க்கக் கரைபோல இருக்கும், முதல் மழையில் உட்கார்ந்துவிடும். நன்றாக இடித்த கரையும் கொஞ்சம் அமுங்கும் என்பதால் பத்தில் ஒரு பங்கு உயரம் கூட்டிப் போடுவது வழக்கம்.

அளவில்தான் பலர் திகைக்கிறார்கள். 4 அடி தண்ணீர் நிற்க 6 அடிக் கரை வேண்டும். மேல் அகலம் 5 அடி. உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஓர் அடி உயரத்துக்கு இரண்டடி சரிவு. கூட்டினால் கரையின் அடி அகலம் 29 அடி. ‘இவ்வளவு இடம் கரைக்கே போனால் குட்டைக்கு என்ன மிஞ்சும்?’ என்று செங்குத்தாக நிறுத்தியவர்களின் கரை ஈரம் ஊறியதும் சரிகிறது. இடம் குறைவென்றால் குட்டையை ஆழமாக வெட்டிக் கரையைத் தாழ்வாக வைக்கலாம். சரிவைக் குறைக்கக் கூடாது.

இனி வழிகுழாய், அதாவது மிஞ்சிய தண்ணீரைக் கரைக்கு வெளியே விடும் குழாய். தண்ணீர் நிற்க வேண்டிய மட்டத்தை, அதாவது 4 அடியை, கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்மட்டக் குழாயால் குறித்துக்கொண்டு, அந்த மட்டத்தில் 6 அங்குல பி.வி.சி. குழாயைக் கரைக்குள் குறுக்கே பதிக்க வேண்டும். வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். கரை முடிந்த பிறகு தோண்டிச் செருகுவது தவறு, கரை எழும்பும்போதே வைத்து இடிக்க வேண்டும். மண்ணுக்கும் வழுவழுப்பான குழாய்க்கும் இடையே தண்ணீர் ஒரு நூல் இடம் கண்டால் போதும். முதலில் கசிவு, பிறகு கலங்கல், பிறகு மண்ணை அரித்துக்கொண்டு வரும் ஓட்டம். குழாய் ஓட்டையாகாமலே கரை ஓட்டையாகும். இதைத் தடுக்கக் குழாயின் நடுவில் இரண்டடிச் சதுரத்தில் ஒரு கான்கிரீட் கழுத்துப்பட்டை வார்த்து, அதைச் சுற்றிக் களிமண்ணைக் கையாலேயே இடிக்க வேண்டும்.

குழாயின் உள்வாயில் சருகும் பிளாஸ்டிக் பையும் அடைக்காமல் இருக்க ஒரு கம்பிக்கூண்டு வேண்டும். கொசுவலை போன்ற நெருக்கமான வலை அரைமணி நேர மழையிலேயே அடைந்துவிடும். விரல் நுழையும் இடைவெளி போதும். வெளிவாய் கரைச் சரிவில் கொட்டக் கூடாது. கரையின் அடியைத் தாண்டி நீண்டு, கல் பரப்பிய இடத்தில் விழ வேண்டும். வெயில் படும் பி.வி.சி. நாளாவட்டத்தில் நொறுங்கும் என்பதால் வெளியே தெரியும் பகுதியை மண்ணாலோ சிமெண்டாலோ மூடுவது நல்லது.

ஆனால் குழாயை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. குட்டைக்கு வடியும் நிலம் ஒரே ஏக்கர் என்று வைத்துக்கொண்டாலும், மணிக்கு 6 செ.மீ. வேகத்தில் மழை கொட்டி, அதில் 40 விழுக்காடு ஓடிவந்தால் நொடிக்கு 27 லிட்டர் தண்ணீர் சேரும். குழாயின் நடுமட்டத்துக்கு மேல் அரையடி தண்ணீர் ஏறினால் 6 அங்குலக் குழாய் தள்ளுவது நொடிக்குச் சுமார் 18 லிட்டர். மண் ஏற்கெனவே ஊறிக்கிடந்து, 80 விழுக்காடு ஓடிவந்தால் வரத்து 54 லிட்டர். அப்போது குழாய் மூன்றில் ஒரு பங்கைத்தான் சமாளிக்கும்.

2024இல் ஃபெஞ்சல் புயல் காட்டியது இதைத்தான். மாவட்டத்துக்குக் கிழக்கே மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியது, மறுநாள் வடமேற்கே ஊத்தங்கரையில் 50 செ.மீ. அப்படிப்பட்ட நாளில் ஓர் ஏக்கரிலிருந்து 16 லட்சம் லிட்டர் ஓடிவரும். 40 அடிக்கு 30 அடி, 4 அடி ஆழம் என்று வெட்டிய கொல்லைக் குட்டை, பக்கச் சரிவு போக ஒரு லட்சம் லிட்டருக்கும் சற்றுக் குறைவாகத்தான் பிடிக்கும். மிச்சம் எல்லாம் எங்காவது போயாக வேண்டும். வழி இல்லையென்றால் அது கரைமேல் ஏறிப் போகும். மண்கரைமேல் தண்ணீர் ஏறினால் பிறகு யாராலும் நிறுத்த முடியாது.

எனவே குழாய் சாதாரண மழைக்கு, கோடி பெருமழைக்கு. கரையின் ஒரு முனையில், புதிதாகப் போட்ட மண்ணில் அல்லாமல் இயற்கையான கெட்டித் தரையில், 6 அடி அகலத்துக்குக் கோடியை வெட்ட வேண்டும். அதன் தரைமட்டம் குழாயின் அடிமட்டத்துக்கு 9 அங்குலம் மேலே, அதாவது 4¾ அடியில் இருக்கட்டும். குழாய் முழுக்க அடைந்துபோனாலும் அந்த 54 லிட்டர் இந்தக் கோடியில் 3 அங்குலத்துக்கும் குறைவான உயரத்தில் பரவி ஓடிவிடும். கரைக்கு இன்னும் ஓர் அடி மிச்சமிருக்கும். அகலமாகவும் மெல்லியதாகவும் ஓடும் தண்ணீர் அரிக்காது, குறுகலாகவும் ஆழமாகவும் ஓடுவதுதான் அரிக்கும். கோடி முழுக்க அருகம்புல் பிடிக்க வைத்து, கரையோடு சேரும் மூலையில் கல் பதித்தால் போதும். கான்கிரீட் போடுகிறவர்கள் பக்கவாட்டுத் தரைக்குள்ளும் சுவரைக் கொண்டுபோக வேண்டும். விழுப்புரம் அருகே தென்பெண்ணையில் 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டிய தளவானூர் தடுப்பணையின் கரையோரக் கட்டுமானம் 2021 ஜனவரியில் இடிந்து, தண்ணீர் பக்கவாட்டில் பாய்ந்தது.

கரைமேல் வெட்டிவேரும் அருகும் நல்லவை, மரம் வேண்டாம். வேர் அழுகினால் அந்தத் தடமே தண்ணீருக்குக் குழாய் ஆகும். பனங்கொட்டை ஊன்ற ஆசைப்பட்டால் கரைக்கு வெளியே, அடிவாரம் தாண்டி ஊன்றலாம். எலி வளையும் நண்டு வளையும் கண்டால் தோண்டிக் களிமண் இடித்து அடைக்க வேண்டும், மேலோட்டமாக மூடுவதில் பயனில்லை. நீர் சில மாதம் நிற்குமென்றால் கட்லா, ரோகு விடலாம். கொசுவுக்குக் கப்பி மீன் போதும். கோடையில் ஆவியாவது மட்டுமே நாளுக்கு 5, 6 மி.மீ. இருக்கும் என்பதால் சித்திரைவரை தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் போட வேண்டாம். தார்ப்பாய் விரிப்பது மீனுக்கு உதவும். கிணறு ஊறுவதற்காக வெட்டிய குட்டைக்கு அது தேவையில்லை, வழுக்கும் என்பதால் ஆபத்தும்கூட. விரித்தால் ஏறிவர ஒரு கயிறு ஏணி கட்டாயம். நாலடித் தண்ணீர் ஒரு குழந்தைக்கு ஆழம்தான். வேலி இல்லாமல் குட்டையை நிரப்பக் கூடாது.

வேளாண்மைப் பொறியியல் துறையின் அலுவலகத்தில் பண்ணைக்குட்டைக்கான மானியத்தையும் மட்டம் பார்க்கும் உதவியையும் விசாரிக்கலாம். விசாரிக்கும்போது குழியின் அளவோடு கோடியின் அகலத்தையும் கேட்டு எழுதி வாங்குங்கள். குட்டை ஏற்கெனவே இருக்கிறவர்கள் புரட்டாசி முடிவதற்குள் கம்பிக்கூண்டைச் சுத்தம் செய்து, கோடியில் முளைத்த நெய்வேலிக் காட்டாமணக்கை வேரோடு பிடுங்கிவிடுங்கள்.