ஈயப் பெட்டிப் பசுவும் நானும்

ஊரிலிருந்து யாராவது தொலைபேசியில் என்ன வேலை என்று கேட்டால், "ஆஸ்பத்திரியில ஸ்கான் எடுக்கிறது" என்று சொல்லி முடித்துவிடுவேன். 'அணு மருத்துவம்' என்றால் உடனே குண்டைத்தான் நினைப்பார்கள். குண்டுகளுக்குள் வாழ்ந்தவர்கள் அப்படி நினைப்பதில் பிழையும் இல்லை.

நான் வலிகாமத்தில் பிறந்தவள். 1995 இடப்பெயர்வில் உயர்தர வகுப்புப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு தென்மராட்சிக்கு நடந்தேன். பின்னர் கனடா வந்து, தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே ஆங்கிலம் படித்து, ரொறன்ரோவில் இந்தத் தொழிலைப் பயின்றேன். அது தனிக் கதை.

எக்ஸ்றேயில் கதிர் இயந்திரத்திலிருந்து வந்து உடலை ஊடுருவும். எங்கள் பிரிவில் அது எதிர்மாறு. மிகச் சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசியால் ஏற்றுவோம். அது எலும்புக்கோ இதயத்துக்கோ போய்ச் சேர்ந்து, உள்ளிருந்து காமாக் கதிர்களை வெளிவிடும். கமரா அதைப் படமாக்கும். பெரும்பாலும் பயன்படுத்துவது தெக்னீசியம். 6 மணித்தியாலத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும் என்பதால் வாங்கிச் சேமித்து வைக்க முடியாது. அதன் தாய்ப் பொருளான மொலிப்டினம் ஈயக் கவசமிட்ட பெட்டியில் வரும். அதன் வீரியம் பாதியாக 66 மணித்தியாலம் செல்லும். காலையில் பெட்டிக்குள் உப்புநீரைச் செலுத்தித் தெக்னீசியத்தை இறக்குவோம். இந்தப் பெட்டிக்கு இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் 'பசு'. வேலைக்குப் பெயர் 'பால் கறத்தல்'. வீட்டில் இரண்டு மாடு கறந்து வளர்ந்த எனக்கு முதல் நாள் சிரிப்பு அடக்க முடியவில்லை.

பயமில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் உடலில் படும் கதிரை அளக்க மார்பில் ஒரு வில்லையும் விரலில் ஒரு மோதிரமும் அணிகிறோம். கர்ப்பமான ஊழியர் அதை அறிவித்தால், பிள்ளை பிறக்கும்வரை அவருக்கு 4 மில்லிசீவேட்டுக்கு மேல் படக்கூடாது என்பது கனடாச் சட்டம். என் இரண்டாவது பிள்ளையின்போது என்னைப் பால் கறக்க விடவில்லை. ஸ்கானுக்குப் போகும் பெண்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ ஊசி போடுமுன் கட்டாயம் சொல்லுங்கள். கேட்கவில்லை என்று பேசாமல் இருக்க வேண்டாம்.

2009 மே மாதத்தை நான் மறக்க மாட்டேன். அக்கா குடும்பம் வன்னிக்குள். தொடர்பே இல்லை. அதே மாத நடுப்பகுதியில் ஒன்ராறியோவின் சோக் றிவர் அணு உலை கனநீர் கசிந்து மூடப்பட்டது. உலகத்துக்குத் தேவையான மொலிப்டினத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அந்தப் பழைய உலையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பசு வற்றிப் போயிற்று. யாருக்கு இன்று ஸ்கான், யாரைப் பின்போடுவது என்று வைத்தியர்கள் பெயர்ப் பட்டியலை வெட்டித் திருத்த, தொலைபேசியில் ஆட்களிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வேலையாயிற்று. வேலை முடிந்து வீடு போனால் இன்னொரு பட்டியல், அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களின் பெயர்கள். ஒரு மாதத்துக்குப் பின்தான் அக்காவின் பெயர் கிடைத்தது. அத்தானின் பெயர் இல்லை.

அந்த யூலையில் இரண்டு முறை பின்போடப்பட்ட ஒரு தாயார் எலும்பு ஸ்கானுக்கு வந்தார். மார்பகப் புற்றுநோய். மகன்தான் மொழிபெயர்த்தார். ஊசி போட்டு, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, மூன்று மணித்தியாலம் கழித்துக் கட்டிலில் படுக்க வைத்தேன். கமராவின் தட்டு முகத்துக்கு அருகே இறங்கியதும் எழும்பிவிட்டார்.

"பிள்ளை, இது பங்கர் மாதிரிக் கிடக்கு. என்னால ஏலாது."

எனக்கும் அது தெரியும். கால் பக்கத்திலிருந்து தொடங்கினேன். முகம் கடைசியில் வரட்டும். ஏன் இவ்வளவு நாள் பிந்தியது என்று கேட்டார். இரண்டு எட்டுத் தள்ளி நின்றுகொண்டு, பசு வற்றிய கதையைச் சொன்னேன். ஊர் மாடுகளைப் பற்றி அவர் பேசத் தொடங்கினார்.

திரையில் விலாவில் மூன்று கரும்புள்ளிகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. படத்தை முதலில் காண்பது நாங்கள்தான், ஆனால் வாய் திறக்கக்கூடாது. அதைச் சொல்வது வைத்தியர். நோயாளிகளோ எங்கள் முகத்தையே படிப்பார்கள். இந்த வேலையில் மிகக் கடினமானது அதுதான், கதிர் அல்ல.

"அம்மா, கிட்டடியில எங்கயும் விழுந்தனீங்களோ?" என்று கேட்டேன்.

கதவுப் பக்கம் பார்த்தார். மகன் வெளியே இருந்தார். "மாசி மாதம் பனியில வழுக்கி விழுந்தனான். பெடியனுக்குச் சொல்லயில்லை. பிறகு வெளியில போக விடமாட்டான்."

அந்தத் தாளில் மகனின் வாயால் வந்த பதில் 'இல்லை' என்று இருந்தது. நான் திருத்தி எழுதி வைத்தியரிடம் கொடுத்தேன். அவர் எக்ஸ்றே கேட்டார். அதில் அதே மூன்று இடத்திலும் எலும்பு வெடித்துப் பொருந்தி வந்த அடையாளம். புற்றுநோய் எலும்புக்குப் பரவவில்லை.

ஆனால் மகனுக்கு விழுந்த கதை தெரிய வந்துவிட்டது. அதற்காக என்மேல் அவருக்குக் கோபம்தான்.

2010 ஓகஸ்டில் அணு உலை மீண்டும் இயங்கியது. 2018 இல் நிரந்தரமாக மூடப்பட்டது. அந்தத் தாயார் 2010 கார்த்திகையில் மறுபடி ஸ்கானுக்கு வந்தார். மகனை வெளியே இருத்திவிட்டு, கட்டிலில் தானாகவே ஏறிப் படுத்துக்கொண்டு கேட்டார்:

"என்ன பிள்ளை, உங்கட மாடு இப்ப பால் தருகுதோ?"