அரியலூர்ச் சமுத்திரமும் லெஸ்வோஸ் விருட்சங்களும்

காவிரிக்கு வடக்கே, அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலும் லால்குடிக்கு அப்பால் கல்லக்குடிப் பக்கத்திலும் பரந்து கிடக்கும் கரம்பு நிலங்களை மழை ஓய்ந்தபின் சுற்றி வருகிறவர்கள், ஓடை அரித்த கரைகளில் சாளக்கிராமத்தில் காணும் அதே சுருள்வட்டம் பதிந்த கற்களையும், கல்லாகிப்போன சிப்பிகளையும், சுறாமீனின் பற்களையும் கண்டு, கடலுக்கு இவ்வளவு தூரத்தில் இவை எப்படி வந்து சேர்ந்தன என்று வியந்து நிற்பதுண்டு. அவை எங்கிருந்தும் வந்தவை அல்ல. இங்கேயே வாழ்ந்து மடிந்தவை. கிரெட்டேசியஸ் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் பெயரிட்டிருக்கும் யுகத்தில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், சமுத்திரம் இந்தப் பிரதேசத்தின் மீது ஏறி வந்தது. முன்னேறியும் பின்வாங்கியும் அது அடுக்கடுக்காகப் படியவைத்துப் போன சுண்ணாம்பிலும் களிமண்ணிலும் மணலிலும், அக்காலத்து ஜீவராசிகள் புதைந்து கல்லாகிப் படிமங்களாயின.

இந்தச் செல்வத்தை உலகம் அறிந்து வெகுகாலமாகிறது. 1840-களிலேயே இங்கிருந்து திரட்டிச் சென்ற படிமங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை அறிஞர் 1846-ல் லண்டனில் விவரித்தார். பின்னர் பிளான்ஃபோர்டு என்ற பூகர்ப்ப சாஸ்திரி நிலத்தை அளந்து வரைபடமாக்கினார். ஸ்டோலிச்கா என்ற பேரறிஞர் கல்கத்தாவில் இருந்துகொண்டு, தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் பிராணிகளைப் பற்றி நான்கு பெருந்தொகுதிகளை 1873 வாக்கில் எழுதி முடித்தார். கல்லங்குறிச்சி, சில்லக்குடி, ஓட்டக்கோயில், காரை, கருடமங்கலம் என்ற நம் சிற்றூர்களின் பெயர்களே பாறை அடுக்குகளுக்குப் பெயராகி, தேசதேசாந்தரங்களில் உள்ள சாஸ்திரிகள் நாள்தோறும் உச்சரிக்கும் சொற்களாக இருக்கின்றன. அவ்வூர்களில் பள்ளிக்குப் போகும் குழந்தைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது.

அறியாமையால் மட்டுமன்றி, பாதுகாக்கும் ஏற்பாடு இல்லாமையாலும் நாம் இழந்தது கொஞ்சமன்று. இப்பகுதியின் கல்லமேட்டில் கிடைத்து, 1980-களில் யாதகிரி, அய்யாசாமி ஆகிய பூகர்ப்ப சாஸ்திரிகள் இருவரும் விவரித்த புருஹத்காயோசாரஸ் என்னும் டைனோசரின் கால் எலும்பு ஒன்று மட்டுமே சுமார் 2 மீட்டர் நீளம் இருந்ததாம். நிலத்தில் நடமாடிய பிராணிகளிலேயே மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்றாக இருக்கலாம் என்று சாஸ்திரிகள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் அந்த எலும்புகளோ, களிமண்ணில் ஊறி நலிந்திருந்த காரணத்தால், ஆய்வுக்கூடம் சேருமுன்பே பொடிந்து போயின. எஞ்சியவை சில சித்திரங்களும் புகைப்படங்களுமே.

இன்னொரு பக்கம், அந்தச் சமுத்திரம் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லை நம்பியே இங்கே சிமெண்டு ஆலைகள் எழுந்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவற்றால் பிழைக்கின்றன என்பதையும், சுரங்கம் வெட்டியதனாலேயே பல படிமங்கள் வெளிச்சத்துக்கு வந்தன என்பதையும் மறுப்பது நியாயமாகாது. வெளிவந்தவற்றை அரவை இயந்திரத்துக்குப் போகாமல் காப்பது யார் பொறுப்பு என்பதே கேள்வி. சாத்தனூரில் கிடக்கும், சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் தேசிய பூகர்ப்பச் சின்னமாக அறிவிக்கப்பட்டு வேலிக்குள் பத்திரமாக இருக்கிறது, நன்று. ஆயினும் ஒரு மரத்துக்கு வேலியிடலாம், ஒரு சமுத்திரத்துக்கு வேலியிட முடியுமா?

ஜியோபார்க் என்ற ஏற்பாடு பிறந்தது இந்தச் சங்கடத்துக்கு விடைதேடித்தான். 1991-ல் பிரான்சின் தீஞ் நகரில் கூடிய அறிஞர்கள், பூமிக்கும் ஒரு ஞாபகம் உண்டு, அதைக் காப்பது மனிதர் கடமை என்று பிரகடனம் செய்தார்கள். 2000-ல் பிரான்சு, ஜெர்மனி, ஸ்பெயின், கிரீஸ் ஆகிய நாடுகளின் நான்கு பிரதேசங்கள் ஒன்றுகூடி ஐரோப்பிய ஜியோபார்க் சங்கத்தை அமைத்தன. 2015-ல் யுனெஸ்கோ இதைத் தன் திட்டமாகவே ஏற்றுக்கொண்டது. பெயரில் பூங்கா என்று இருந்தாலும், இது ஜனங்களை வெளியேற்றிவிட்டுப் பூட்டுப் போடும் இடம் அல்ல. வயலும் கோயிலும் சந்தையும் தொழிலும் உள்ளபடியே நடக்கும் முழுப் பிரதேசம் அது. முக்கியமான பாறைகளுக்கும் படிமங்களுக்கும் நாட்டின் சட்டம் காவல் தரவேண்டும். நிர்வாக சபை ஒன்று வேண்டும். படிமங்களை விற்பதற்கு இடமில்லை. நான்காண்டுக்கு ஒருமுறை பரிசோதகர்கள் வந்து பார்ப்பார்கள்; குறை கண்டால் இரண்டாண்டு அவகாசம் கொடுப்பார்கள்; அதற்குள்ளும் திருந்தாவிட்டால் அங்கீகாரம் போய்விடும்.

ஐரோப்பிய சங்கத்தை அமைத்த அந்த நான்கு பிரதேசங்களில் ஒன்று கிரீஸ் தேசத்து லெஸ்வோஸ் தீவு. தாவர சாஸ்திரத்தின் பிதா எனப்படும் தியோஃப்ராஸ்டஸ் பிறந்த எரெசோஸ் ஊரை அடுத்த மேற்குப் பகுதியில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய சாம்பல் ஒரு வனத்தையே மூட, விருட்சங்கள் நின்ற நிலையிலேயே கல்லாயின. 1985-ல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சின்னமாக அறிவித்தது. 1994-ல் சிக்ரி என்ற மீனவக் கிராமத்தில் அருங்காட்சியகம் ஏற்பட்டது. பிற்பாடு அந்தக் கிராமத்துக்குப் புதிய சாலை போட வேண்டிவந்தபோது, அதை எதிர்த்து வழக்காடாமல், அருங்காட்சியகத்தார் சாலைப் பணியாளரோடு கூடவே நின்று, மண் வெட்ட வெட்டப் படிமங்களை மீட்டார்கள். அப்படித்தான் 2021-ல், கிளைகளும் வேர்களும் சிதையாத 19 மீட்டர் விருட்சம் ஒன்று கிடைத்தது. சாலையும் வந்தது, விருட்சமும் பிழைத்தது.

நம் சுரங்கங்களில் இது நடக்க முடியாததா? வெட்டும் இடத்தில் பூகர்ப்பம் பயின்ற ஒருவர் நிற்பதும், கிடைத்ததை அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதும் ஆலைகளின் கணக்கில் பெருஞ்செலவு ஆகாது. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தரிசிக்க வருகிறவர்களைச் சாத்தனூருக்கும் காரையின் சிவந்த அரிபள்ளங்களுக்கும் அழைத்துச் சென்று விளக்க, பயிற்சி பெற்ற உள்ளூர் வாலிபர்கள் இருந்தால், சாளக்கிராமச் சுருள் பதிந்த கல்லைக் காசுக்கு விற்பதைவிட அதைக் காட்டிப் பிழைப்பதே அவர்களுக்கு லாபமாக இருக்கும்.

உலகில் இருநூறுக்கும் அதிகமான ஜியோபார்க்குகள் இருக்க, இந்தியாவில் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றது ஒன்றுகூட இல்லை. பூகர்ப்பச் சின்னங்களைக் காக்க மத்திய சர்க்கார் 2022-ல் ஒரு மசோதாவின் வரைவை வெளியிட்டது. அது சட்டமாவது அவசியந்தான். ஆனால் யுனெஸ்கோவின் விதி ஒன்று நமக்குச் சாதகமாக இருக்கிறது: விண்ணப்பிக்கும் பிரதேசம் அதற்கு முன்பே குறைந்தது ஓராண்டாவது ஜியோபார்க்காக நடந்துகாட்டியிருக்க வேண்டும் என்பதே அந்த விதி. ஆகவே யுனெஸ்கோவிடமிருந்து கடிதம் வரட்டும் என்று காத்திராமல், மாவட்ட நிர்வாகமும் ஆலைகளும் ஊராட்சிகளும் ஒரு சபையாகக் கூடி, இந்த ஆண்டிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.