தோட்டக்காரர் தொடுத்த வழக்கு

ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் டவுன்ஸ்வில் என்று ஒரு நகரம். அங்குள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக் கழகத்தில் எட்டி மேபோ என்பவர் தோட்ட வேலை பார்த்துவந்தார். ஓய்வு நேரத்தில் நூல்நிலையத்துக்குப் போவார். தம் இனத்தாரைப் பற்றி வெள்ளையர் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று புரட்டிப் பார்ப்பார்.

1974-ஆம் ஆண்டு. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு வேளை. ஹென்றி ரெனால்ட்ஸ், நோயல் லூஸ் என்ற இரண்டு சரித்திர ஆசிரியர்களோடு அவர் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு அவருடைய சொந்தத் தீவின் பக்கம் திரும்பிற்று. அங்கே தமக்கு நிலம் இருக்கிறது என்றார் மேபோ.

ஆசிரியர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சட்டப்படி அது அவருடைய நிலம் அல்ல, சர்க்கார் நிலம்!

மேபோ திகைத்துப் போனார். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து பயிர் செய்துவந்த காணி, கச்சேரிக் கணக்கில் புறம்போக்காகக் கிடந்தது.

ஆள் இருந்தும் ஆளில்லாத பூமி

இந்தக் கணக்கை எழுதியவர்கள் யார்?

1788 ஜனவரி 26-ஆம் தேதி, பிரிட்டனிலிருந்து 11 கப்பல்களில் வந்தவர்கள் சிட்னித் துறையில் கொடி நாட்டினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் கைதிகள். அந்தக் கண்டத்தில் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் வாழ்ந்துவந்தார்கள். நியூஸிலாந்தில் மவோரிகளோடு 1840-இல் பெயருக்காவது ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்ட பிரிட்டிஷார், இங்கே அதுவும் செய்யவில்லை. உழுது வேலி போட்டவனே நிலத்துக்கு உடையவன். வேட்டையாடித் திரிகிறவனுக்கு நிலம் ஏது? இதுதான் அவர்கள் நியாயம்.

அடுத்த ஆண்டே சிட்னியைச் சுற்றிப் பெரியம்மை பரவியது. அப்பகுதியின் பூர்வகுடிகளில் பாதிப்பேர் மாண்டார்கள் என்று கவர்னர் பிலிப் மதிப்பிட்டார். பிறகு ஆட்டு மந்தைகள் வந்தன. நீர்நிலைகள் மந்தைக்காரர் வசமாயின. எதிர்த்தவர்கள் சுடப்பட்டார்கள். தப்பியவர்களை முகாம்களில் அடைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டிலோ, பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து வெள்ளையர் நடத்திய விடுதிகளில் வளர்த்தார்கள். சொந்த மொழி பேசவும் அங்கே தடை. 1970 வாக்கில்தான் அந்த வழக்கம் ஓய்ந்தது.

மலோவின் கட்டளை

மேபோவின் ஊர், ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவிலுள்ள மேர் தீவு. ஆங்கிலேயர் வைத்த பெயர் மரே தீவு. இரண்டு மைலுக்குள் அடங்கிவிடும். எரிமலை மண், வள்ளிக்கிழங்கும் வாழையும் தென்னையும் செழித்து வளரும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் தோட்டம். கல்லும் மரமுமே எல்லை. அடுத்தவன் தோட்டத்தில் கை வைக்காதே, கால் வைக்காதே என்பது அவர்கள் தெய்வமான மலோவின் கட்டளை. வரப்புத் தகராறு கண்ட நமக்கு இது புரியாததல்ல. வேலி போட்டவனே உடையவன் என்றால், இவர்களைவிட உடையவர் யார்?

ஆயினும் 1879-இல் குவீன்ஸ்லாந்து அரசாங்கம் இத்தீவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. தீவாரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1982 மே மாதம் மேபோவும் தீவினர் நால்வரும் தலைமை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். மூன்றாண்டு கழித்து, வழக்கையே வேரறுக்கக் குவீன்ஸ்லாந்து ஒரு சட்டம் செய்தது. தீவாருக்கு ஏதேனும் உரிமை இருந்திருந்தால் அதுவும் 1879-லேயே ஒழிந்தது என்றது அச்சட்டம்! இல்லாத உரிமையை ஒழிக்க எதற்குச் சட்டம்? 1988-இல் தலைமை நீதிமன்றம் அதைத் தள்ளியது.

சாட்சிகளை விசாரித்த நீதிபதியோ, 1990-இல் மேபோவின் சொந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்தார். மேபோ பிறந்த சில நாட்களில் தாயை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தவர். அவ்வீட்டுச் சொத்துக்கு அவர் வாரிசு என்பது நீதிபதிக்கு ருசுவாகவில்லை. தீவார் எல்லோருக்குமான வழக்கு மட்டும் தொடர்ந்தது.

1992 ஜனவரி 21-ஆம் தேதி மேபோ புற்றுநோயால் காலமானார். வயது 55. ஜூன் 3-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் தீவார் பக்கம். ஆளில்லாத பூமி என்ற கதை 204 ஆண்டுகளுக்குப் பின் உடைந்தது.

1995-இல் டவுன்ஸ்வில்லில் அவருக்குக் கல்லறை எழுப்பினார்கள். திறந்த அன்று இரவே யாரோ அதைச் சிதைத்து, இழிசொற்களைத் தீட்டிவிட்டுப் போனார்கள். குடும்பத்தார் அவர் உடலை மேருக்கு எடுத்துச் சென்று, சொந்த மண்ணில் அடக்கம் செய்தார்கள்.

இன்னொரு மரே

தீர்ப்பில் ஒரு முடிச்சு இருந்தது. சர்க்கார் ஏற்கனவே பட்டா கொடுத்து விற்றுவிட்ட நிலம் திரும்பாது. மிஞ்சியதைக் கேட்பவரும், முன்னோர் வழக்கம் அறுபடாமல் தம்மிடம் தொடர்வதைக் காட்ட வேண்டும். வெள்ளையர் அதிகம் குடியேறாத மேரில் அது முடிந்தது. மந்தைகள் முதலில் புகுந்த தெற்கே என்ன செய்வது?

அங்கே மரே என்றே ஓர் ஆறு. அதன் கரையில் வாழும் யோர்ட்டா யோர்ட்டா மக்கள் 1994-இல் உரிமை கேட்டார்கள். முதியோர் வந்து சாட்சி சொன்னார்கள். 1998-இல் நீதிபதி அவர்கள் சொல்லைவிட, 1840-களில் அங்கே மந்தை வைத்திருந்த எட்வர்ட் கர் என்ற வெள்ளையரின் நினைவுக் குறிப்புகளுக்கே அதிக மதிப்புக் கொடுத்தார்.

இன்னொரு காகிதமும் எடுபட்டது. 1881-இல் இம்மக்களின் முன்னோர் 42 பேர் கவர்னருக்கு எழுதிய விண்ணப்பம் அது. எங்கள் நிலம் முழுவதையும் சர்க்காரும் குடியேறியவர்களும் எடுத்துக்கொண்டார்கள், வேட்டை குறைந்துவிட்டது, பயிர் செய்து பிழைக்கக் கொஞ்சம் நிலம் தாருங்கள் என்று அதில் கெஞ்சியிருந்தார்கள். பழைய வழக்கப்படி நிலத்தை ஆண்டுவந்தது அப்போதே நின்றுபோயிற்று என்பதற்கு அந்த விண்ணப்பத்தையே நீதிபதி அத்தாட்சியாக வைத்தார்.

2002 டிசம்பரில் தலைமை நீதிமன்றம் அவர்கள் அப்பீலைத் தள்ளியது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம்.