உங்களுக்குத் தெரியுமா? மென்று துப்பினால் மார்க்!

● பல் டாக்டர் வேர்க்கடலை கொடுத்தால் சந்தோஷப்படாதீர்கள், விழுங்க விடமாட்டார்! மேன்லி, பிரேலி என்ற ஆய்வாளர்கள் 1950-ல் வெளியிட்ட ஆய்வால் பேர்பெற்ற, மெல்லும் திறனை அளக்கும் சோதனை அது. எண்ணி 20 தடவை மென்றதும் துப்பச் சொல்வார்கள். துப்பியதைச் சல்லடையில் கொட்டி, தண்ணீர் விட்டு அலசுவார்கள். கீழே இறங்கியது எவ்வளவு, மேலே நின்றது எவ்வளவு என்பதை வைத்து மார்க். மாவு சலிக்கிற கணக்குதான்: கப்பி கூடினால் அரவை மோசம்.

● ஆனால் கடலையில் ஒன்று முற்றல், ஒன்று நமுத்தது. எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் வேண்டாமா? அதற்காகவே வந்தது ‘ஆப்டோகால்’ என்ற செயற்கை உணவு. பல் அச்சு எடுக்கும் சிலிக்கானோடு வாசலின், பற்பசை, பிளாஸ்டர் தூள், ஆல்ஜினேட் தூள் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, 5.6 மி.மீ. கட்டிகளாக்குவார்கள். பல்செட்காரர்களாலும் மெல்ல முடிகிற பதம். ருசி பற்றிக் கேட்காதீர்கள்.

● சல்லடையே வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு நிறச் சூயிங் கம். 20 தடவை மென்றதை 1 மி.மீ. தடிமனுக்கு அமுக்கி, ஸ்கேன் செய்து, இரு நிறமும் எந்த அளவு கலந்திருக்கின்றன என்று கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள்.

● ஜப்பானில் நிறம் மாறும் கம்மே உண்டு. வாயில் போடும்போது மஞ்சள் கலந்த பச்சை. மெல்ல மெல்லச் சிவப்பு. சிவப்புச் சாயம் முதலிலிருந்தே உள்ளே இருக்கிறது. கூடவே இருக்கும் சிட்ரிக் அமிலம் அதை நிறம் காட்டவிடாமல் அடக்கி வைத்திருக்கும். மெல்லும்போது அமிலமும் மற்ற சாயங்களும் எச்சிலில் கரைந்து வெளியேற, சிவப்பு தலைகாட்டும். 60 தடவை மென்றும் சிவக்கவில்லையா? பல்லைக் கவனிக்க வேண்டும்.

● சுகர் ஏறினால் டாக்டர் சந்தோஷப்படும் பரிசோதனையும் உண்டு! குளுக்கோஸ் கலந்த 2 கிராம் கம்மி மிட்டாயை 20 விநாடி மென்று, 10 மி.லி. தண்ணீரோடு வடிகட்டியில் துப்ப வேண்டும். நன்றாக நொறுங்கியிருந்தால் தண்ணீரில் குளுக்கோஸ் அதிகம் கரையும். கருவி அதை அளந்து சொல்லும். 100 மி.கி./டெ.லி.-க்குக் கீழே வந்தால் மெல்லும் திறன் குறைவு என்பது ஜப்பானிய முதியோர் பல் மருத்துவத்தின் கணக்கு.

● 80 வயதிலும் 20 சொந்தப் பல்: 1989 முதல் ஜப்பான் நடத்தும் இயக்கத்தின் பெயரே ‘8020’.

● முழுப் பல்செட் வைத்தவரின் கடி வலு, சொந்தப் பல்காரருடையதில் நாலில் ஒரு பங்கு தேறினாலே பெரிது.

● இத்தனை சோதனை, இவ்வளவு வம்பு எதற்கு, ‘நல்லா மெல்ல முடியுதா?’ என்று கேட்டால் போதாதா? போதாது. பலர் சொல்லும் பதிலுக்கும் சோதனையில் வரும் மார்க்குக்கும் பொருத்தம் குறைவு. அவர்கள் பொய் சொல்வதில்லை. முறுக்கு, கொய்யா, கறித்துண்டு என ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விலகிப் போனதே அவர்களுக்கு மறந்திருக்கும். தயிர் சாதத்தை யார்தான் நன்றாக மெல்லமாட்டார்கள்? வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்: முன்பு ஆசையாகச் சாப்பிட்டதில் எதையெல்லாம் இப்போது தொடுவதில்லை? அந்தப் பட்டியலோடு பல் டாக்டரிடம் போங்கள்.