வெள்ளமும் வதந்தியும்

ஒரு பட்டணத்துக்குப் போலீஸ் எதற்கு, தீயணைக்கும் படை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. ஜனங்களின் உயிரைக் காக்கத்தான் என்பது குழந்தைக்கும் தெரியும். உள்ளூர்ப் பத்திரிகையும் அந்தக் காவல் வரிசையைச் சேர்ந்ததே என்று நாம் சொன்னால் மட்டும் பலர் நகைக்கிறார்கள். "காலையில் காப்பிக்குத் துணை, மாலையில் பொட்டலம் கட்டக் காகிதம், அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?" என்கிறார்கள். அவர்களுக்காகவே அமெரிக்க நகரமான நியூ ஆர்லியன்ஸின் கதையை இங்கே எழுதுகிறோம்.

பூகோள வகுப்பில் இந்நகரத்தை விளக்க நேர்ந்தால் கரும்பலகையில் ஒரு கிண்ணத்தை வரைந்துவிடுவோம். தெற்கே மிஸிஸிபி மகாநதி. வடக்கே பான்சர்ட்ரெயின் என்னும் பெரிய ஏரி. நடுவே கிண்ணத்தின் அடியைப் போல நகரம். அதில் ஏறத்தாழப் பாதி கடல் மட்டத்துக்கும் தாழ்ந்தது. மழை பெய்தால் நீரை இயந்திரங்கள் இறைத்துக் கால்வாய்களின் வழியே வெளியேற்ற வேண்டும். சுற்றிலுமுள்ள கரைகளே ஊரின் உயிர்.

இவ்வூரில் 1837-ல் ஒரு பத்திரிகை பிறந்தது. பிக்கயூன் என்ற சிறு நாணயம் அதன் விலை. அதுவே பெயரும் ஆயிற்று. பிற்காலத்தில் 'டைம்ஸ்-பிக்கயூன்' என வளர்ந்த அப்பத்திரிகை, 2002 ஜூன் மாதத்தில் ஐந்து நாள் தொடர்ந்து ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. ஜான் மக்வெய்ட், மார்க் ஷ்லைஃப்ஸ்டைன் என்ற இரு நிருபர்கள் அதை எழுதினார்கள். பெரும் புயல் அடித்தால் கரை தாண்டி நீர் புகும், கிண்ணம் நிரம்பும், சொந்த மோட்டார் வண்டி இல்லாத ஏழைகள் ஊருக்குள்ளேயே சிக்கிக் கொள்வார்கள் என்பது அதன் சாரம். ஜனங்கள் படித்தார்கள், கவலைப்பட்டார்கள், பிறகு காகிதத்தை மடித்து வைத்தார்கள்.

மூன்று வருஷம் சென்றது. 2005 ஆகஸ்டு 29-ந் தேதி காத்ரீனா புயல் வந்தது. நீர் மேலே வழிவதற்கு முன்பே சில கால்வாய்ச் சுவர்கள் சாய்ந்தன. அவற்றைக் கட்டியவர்கள் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள். ஆகவே இது இயற்கையின் சீற்றம் மட்டுமன்று, மனிதரின் பிழையுமாகும். நகரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு மூழ்கியது. பல மாகாணங்களிலுமாக மாண்டவர்கள் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டவர்கள்.

மறுநாள் காலை பத்திரிகை ஆபீஸையும் நீர் சூழ்ந்தது. பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிச் செல்லும் லாரிகளில் ஊழியர்களே ஏறித் தப்பினார்கள். ஆனால் சிலர் வழியிலேயே திரும்பி ஊருக்குள் புகுந்து செய்தி சேகரித்தார்கள். மூன்று நாள் அச்சில்லை. இணையதளத்தில் மட்டும் பத்திரிகை வந்தது. நாலாம் நாள், ஹூமா என்ற பக்கத்து ஊர் அச்சகத்திலிருந்து மீண்டும் காகிதமாக வெளிவந்தது. மின்சாரமற்ற வீடுகளில், பாட்டரி ரேடியோவில் கேட்ட உள்ளூர் நிலையத்தின் குரலே பலருக்கு வெளியுலகத்தோடு மிஞ்சிய ஒரே தொடர்பு.

இதற்குள் இன்னொரு வெள்ளம் பெருகிவிட்டது. அதுதான் வதந்தி. 'உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?' அபயம் தேடி ஆயிரக்கணக்கானோர் தங்கியிருந்த சூப்பர்டோம் விளையாட்டரங்கில் கொலைகள் மலிந்துவிட்டன என்று உலகமெல்லாம் பேச்சு. மேயரும் போலீஸ் தலைவருமே தொலைக்காட்சியில் அவ்விதம் சொன்னார்கள். பயத்தால் உதவி தாமதித்தது. மீட்புக்கு வந்த ஹெலிகாப்டர்களில் சில பறக்காமல் நின்றன. உயிர்களைக் காக்க வந்தவர்கள், காக்கப்பட வேண்டியவர்களைக் கண்டே அஞ்சினார்கள்!

செப்டம்பர் 26-ந் தேதி அதே உள்ளூர்ப் பத்திரிகை உண்மையை எழுதியது. சூப்பர்டோமில் 200 பிரேதங்கள் இருக்குமென்று குளிர்சாதன லாரி கொண்டு வந்திருந்தார்கள், இருந்தவை ஆறு. நால்வர் இயற்கை மரணம், ஒருவர் போதை மருந்தால், ஒருவர் தற்கொலை. கொலையுண்டவர் அவர்களில் ஒருவருமில்லை. அத்தகைய வதந்தி ஒன்றைத் தானும் முன்பு அச்சிட்டிருந்ததை அப்பத்திரிகையின் நிருபரே பின்னர் ஒப்புக் கொண்டார். பிழையை மறைக்காத அந்த நேர்மையை நாம் மெச்சுகிறோம். 2006-ல் பொதுச் சேவைக்கான புலிட்ஸர் பரிசு அப்பத்திரிகைக்குக் கிடைத்தது.

ஆனால் பரிசு அடுப்பெரிக்காது. விளம்பர வருமானம் குன்றியதால் 2012-ல் வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே அச்சிடுவதென முடிவாயிற்று. பலர் வேலை இழந்தார்கள். ஊரார் கூட்டம் கூடி ஆட்சேபித்தார்கள். 2019-ல் போட்டிப் பத்திரிகையான 'அட்வகேட்'டின் உரிமையாளர் அதை வாங்கினார். இன்று இரண்டு பெயரும் சேர்ந்து ஒரே தினசரியாக வருகிறது.

'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பது நம் பெரியோர் வாக்கு. அணை பலமானதா என்று பார்ப்பது பத்திரிகையின் வேலை. பலமில்லை என்று அது சொன்ன பிறகு அதிகாரிகளை விடாமல் கேட்பது வாசகரின் வேலை. நியூ ஆர்லியன்ஸில் முதல் வேலை நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை. அடுத்த முறை எச்சரிக்கையைப் படித்துவிட்டுக் காகிதத்தை மடிக்குமுன் வாசகர்கள் இதை நினைத்துக் கொள்வார்களாக!