கருத்துக் கேட்பது யார்? பதில் சொல்வது யார்?

தில்லி ஜோர்பாக் பகுதியில் உள்ள இந்திரா பர்யாவரண் பவன், மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்றத் துறை அமைச்சகத்தின் தலைமையகம். நாட்டின் எந்த மூலையில் பெரிய சுரங்கமோ, அணையோ, அனல் மின் நிலையமோ அமைவதாக இருந்தாலும், அதற்கான கோப்பு இந்த அமைச்சகத்துக்கு வந்தாக வேண்டும். நிபுணர் மதிப்பீட்டுக் குழு அதைப் பரிசீலித்து, அனுமதி வழங்கலாமா, கூடாதா என்று பரிந்துரைக்கும்.

அந்தக் கோப்பின் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு இடையே ஓர் இணைப்பு இருக்கும். திட்டம் வரவிருக்கும் ஊரில் நடந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புதான் அது. நிலத்தையும் நீரையும் இழக்கக் கூடியவர்கள் அரசிடம் நேருக்கு நேர் பேசுவதற்கு, சுற்றுச்சூழல் அனுமதி நடைமுறையில் உள்ள ஒரே வாய்ப்பு அந்தக் கூட்டம். தில்லியில் முடிவெடுக்கும்போது அந்தக் குறிப்புக்கு எவ்வளவு மதிப்பு தரப்படுகிறது என்பதே, கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியச் சுற்றுச்சூழல் அரசியலில் விடை கிடைக்காத கேள்வியாக நீடிக்கிறது.

உரிமை வந்த வழி: 1992-ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோவில் நடைபெற்ற ஐ.நா. மாநாட்டின் பிரகடனம், சுற்றுச்சூழல் பிரச்னைகளில் முடிவெடுக்கும்போது குடிமக்களுக்குப் பங்கு அளிக்கப்பட வேண்டும் என்று தனது பத்தாவது கோட்பாட்டில் கூறியது. போபால் விஷவாயுப் பேரழிவுக்குப் பிறகு இயற்றப்பட்ட 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1994 ஜனவரி 27-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வெளியானது. ஆனால், பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமாக்கப்பட்டது 1997 ஏப்ரலில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம்தான். இப்போது நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட அறிவிக்கை.

இதன்படி, கூட்டத்தை நடத்தும் பொறுப்பு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடையது. மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும். கருத்துத் தெரிவிக்க மக்களுக்குக் குறைந்தது 30 நாள்கள் அவகாசம் தந்து, ஒரு தேசிய நாளிதழில் மட்டுமின்றி வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் செய்ய வேண்டும். கூட்டம் முழுவதும் விடியோ பதிவு செய்யப்பட வேண்டும். முடிவில், பேசப்பட்டவற்றின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் மக்கள் முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும்.

ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால், அதே அறிவிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. கூட்டத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற வரம்பு கிடையாது. வாக்கெடுப்பும் கிடையாது. பத்துப் பேர் வந்து போனாலும், பத்தாயிரம் பேர் திரண்டு எதிர்த்தாலும் சட்டத்தின் பார்வையில் கூட்டம் நடந்து முடிந்ததாகவே பொருள். மக்கள் சுதந்திரமாகக் கருத்துக் கூறும் சூழல் அப்பகுதியில் இல்லை என்று அதிகாரிகள் கருதினால், கூட்டமே நடத்தாமல் விடவும் வழி உண்டு.

விவாதத்துக்கு வைக்கப்படும் மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிப்பது, திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனமே ஊதியம் கொடுத்து அமர்த்தும் ஆலோசனை நிறுவனம். முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். உள்ளூர் மொழியில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. அச்சுருக்கத்தைப் படித்துவிட்டு, தன் கிணற்று நீர் என்னவாகும் என்று ஒரு விவசாயி கேட்கிறார். பரிசீலிக்கப்படும் என்ற பதிலுடன் அவருடைய கேள்வி குறிப்பேட்டில் ஏறுகிறது. அதன் பிறகு அது என்னவாயிற்று என்று அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை.

இந்தக் குறையை நீதிமன்றமும் சுட்டிக்காட்டியிருக்கிறது. கோவாவில் இரும்புத் தாதுச் சுரங்கத்துக்கு அளிக்கப்பட்ட அனுமதியை எதிர்த்த வழக்கில் 2009 நவம்பரில் தீர்ப்பளித்த தில்லி உயர் நீதிமன்றம், மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களை நிபுணர் குழு எவ்வாறு பரிசீலித்தது, ஏன் ஏற்றது அல்லது நிராகரித்தது என்பதற்குக் காரணம் கூறியாக வேண்டும் என்று வலியுறுத்தியது. கேட்பது மட்டும் கடமையல்ல, பதில் சொல்வதும் கடமை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நியமகிரி தந்த பாடம்: மக்களிடம் கருத்துக் கேட்பதற்கும், முடிவை அவர்களிடமே விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை நாடு கண்டது 2013-இல். ஒடிசா மாநிலத்தின் ராயகடா, காளஹண்டி மாவட்டங்களில் பரந்து கிடக்கும் நியமகிரி மலையில் பாக்சைட் தாது வெட்டியெடுத்து, வேதாந்தா நிறுவனத்தின் லாஞ்சிகர் அலுமினா ஆலைக்குத் தருவது திட்டம். அந்த மலையைத் தங்கள் தெய்வமான நியமராஜாவின் இருப்பிடமாக வழிபடுபவர்கள் டோங்ரியா கோந்த் பழங்குடியினர். அவர்கள் பேசும் குவி மொழி, தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் அதற்கு இடமில்லை.

2013 ஏப்ரல் 18-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை மேற்கோள் காட்டி, அம்மக்களின் சமய, சமூக உரிமைகள் குறித்து கிராம சபைகளே மூன்று மாதங்களுக்குள் முடிவு செய்யட்டும் என்று உத்தரவிட்டது. மாவட்ட நீதிபதி நிலையிலான நீதித் துறை அதிகாரி பார்வையாளராக இருக்க வேண்டும் என்றும் கூறியது. நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள மலையில் 12 கிராமங்களை மட்டுமே ஒடிசா அரசு தேர்ந்தெடுத்தது விமர்சனத்துக்கு உள்ளானது. ஆனாலும், ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 19 வரை நடந்த 12 கிராம சபைகளும், ஒன்றுகூட விலகாமல், சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானித்தன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது.

நியமகிரி மக்கள் சொன்னதில் புதிதாக எதுவும் இல்லை. எங்கள் மலை, எங்கள் ஊற்று, எங்கள் தெய்வம் என்று நாட்டின் பல பகுதிகளில் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் சொல்லப்படுவதைத்தான் அவர்களும் சொன்னார்கள். அவர்களது சொல்லைக் கட்டாயம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிலையை நீதிமன்றம் உருவாக்கியதுதான் வேறுபாடு.

விதிகளை வகுக்கும்போது: ஒரு திட்டத்துக்கு மட்டுமல்ல, சுற்றுச்சூழல் விதிகளை மாற்றுவதற்கு முன்பும் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், வரைவை அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபங்களுக்கு 60 நாள்கள் அவகாசம் அளிக்க வேண்டும் என்று கூறுகின்றன. பொதுநலன் கருதி இந்த நடைமுறையைத் தவிர்க்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு.

2006 அறிவிக்கைக்குப் பதிலாகப் புதிய அறிவிக்கையின் வரைவை மத்திய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்டது. மக்கள் கருத்துத் தெரிவிப்பதற்கான 30 நாள்களை 20 நாள்களாகக் குறைக்க அது முன்மொழிந்தது. விதிமீறல்கள் குறித்து அரசு அமைப்புகளோ, திட்டத்தை நடத்தும் நிறுவனமோதான் புகார் அளிக்க முடியும். பாதிக்கப்படும் பொதுமக்களுக்கு அதில் இடமில்லை. கரோனா பொது முடக்கத்தில் நாடே அடைந்து கிடந்த வேளையில், ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வெளியான இந்த வரைவைப் பற்றி மற்ற மொழியினர் எப்படிக் கருத்துக் கூறுவது?

இக்கேள்வி தில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. தலைமை நீதிபதி டி.என். படேல், நீதிபதி பிரதீக் ஜலான் ஆகியோர் அடங்கிய அமர்வு 2020 ஜூன் 30-இல் கருத்துக் கூறும் அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்ததுடன், எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலாவது வரைவை மொழிபெயர்த்து 10 நாள்களுக்குள் வெளியிட உத்தரவிட்டது. ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டாலே போதும், அதுதான் சட்டம் என்பது மத்திய அரசின் வாதம். மேல்முறையீட்டுடன் உச்ச நீதிமன்றம் சென்ற அரசை, உயர் நீதிமன்றத்திலேயே மறுஆய்வு கோருமாறு உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. இதற்கிடையே பல லட்சம் கருத்துகள் அமைச்சகத்தில் குவிந்தன. அந்த வரைவு இறுதி வடிவம் பெறவில்லை.

அதே பொது முடக்கத்தின்போது நடந்த மற்றொன்று அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. சாலை, குழாய்ப் பாதை போன்ற நெடுந்தொலைவுத் திட்டங்களுக்கு மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று 2020 மார்ச் 28-இல் ஓர் அறிவிக்கை வெளியானது. பொதுநலன் என்ற காரணம் காட்டி, மக்கள் கருத்தே கேட்கப்படவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 மார்ச் 21-இல், உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. கருத்துக் கேட்பதைத் தவிர்க்க அப்படி என்ன அவசரம் என்பதற்கு அரசால் தக்க காரணம் காட்ட முடியவில்லை. ஆனால், அந்த நான்கு ஆண்டுகளில் வெட்டப்பட்ட மண்ணைத் திரும்பக் கொண்டுவர எந்தத் தீர்ப்பாலும் இயலாது.

தலைநகரின் கதை: கிராமங்களில்தான் இந்நிலை என்று எண்ண வேண்டியதில்லை. தில்லியில் கடைகளுக்கு 'சீல்' வைக்கும் நடவடிக்கை சூடுபிடித்திருந்த 2018-ஆம் ஆண்டு தொடக்கத்தில், நகரின் பெருந்திட்டத்தைத் திருத்த முனைந்த தில்லி வளர்ச்சி ஆணையம், ஆட்சேபங்களைத் தெரிவிக்க மக்களுக்கு அளித்த அவகாசம் மூன்று நாள்கள். திருத்தங்களுக்குத் தடை விதித்த உச்ச நீதிமன்றம், பின்னர் 15 நாள்கள் அவகாசம் அளித்துக் கருத்துக் கேட்க அனுமதித்தது.

2041-ஆம் ஆண்டுக்கான பெருந்திட்டத்தின் வரைவு 2021 ஜூனில் வெளியானபோது நிலைமை சற்று மாறியிருந்தது. குடிசைப் பகுதி மக்கள், தெருவோர வியாபாரிகள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகியோருக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகள் முன்கூட்டியே களமிறங்கின. சுமார் 33 ஆயிரம் கருத்துகளும் ஆட்சேபங்களும் பதிவாயின. மக்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னால், நகரத் திட்டமிடலைப் பற்றிச் சாதாரண மனிதருக்கும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

குறுகிவரும் வாசல்: கருத்துக் கேட்புக் கூட்டங்களால் திட்டங்கள் தாமதமாகின்றன, வெளியாட்கள் வந்து கலகம் செய்கின்றனர் என்பது தொழில் துறையினரின் நெடுநாள் புகார். நாட்டின் பாதுகாப்புக்கும் வளர்ச்சிக்கும் சில கனிமங்கள் உடனடித் தேவை என்பது அரசின் நிலைப்பாடு. இவற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும், கூட்டத்தை 45 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்று அறிவிக்கையே காலக்கெடு விதித்திருக்கிறது. பல ஆண்டுகள் இயங்கப்போகும் சுரங்கத்துக்கு 45 நாள்கள் பெரிய தாமதமா?

பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் கோரியதன்பேரில், அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றுக்கான சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்து மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பரில் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. சுரங்கத்தின் பரப்பு எவ்வளவாக இருந்தாலும் இத்திட்டங்கள் மத்திய அரசு அளவிலேயே மதிப்பிடப்படும் என்றும் அது கூறுகிறது. கோப்பு தில்லிக்கு வரும். ஊர் மக்களின் குரல் அதில் இருக்காது.

இது தமிழகத்துக்கு அப்பால் நடக்கும் செய்தியல்ல. குமரிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் அணுக் கனிமம். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் எடுக்கத் திட்டமிடப்பட்ட டங்ஸ்டன், முக்கியக் கனிமங்களின் பட்டியலில் உள்ளது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் ஏலம் விடப்பட்டதும், அரிட்டாபட்டி உள்ளிட்ட கிராமங்கள் கொதித்தெழுந்தன. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பரில் தமிழக சட்டப்பேரவையும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. இனி அத்தகைய திட்டம் ஒன்று வந்தால், காத்திருப்பதற்குக் கூட்டமே இருக்காது என்பதுதான் இன்றைய நிலை.

மக்களிடம் கேட்டால் எதிர்ப்பார்கள் என்ற அச்சத்தில் கேட்பதையே நிறுத்துவது எதிர்ப்பை நீக்காது. அதை அரங்கிலிருந்து வீதிக்கும், வீதியிலிருந்து நீதிமன்றத்துக்கும் இடம் மாற்றும். கோவா, நியமகிரி, தில்லி ஆகிய மூன்றும் காட்டுவது இதைத்தான். தீர்வு எட்டாத தொலைவில் இல்லை. முழு அறிக்கை மக்களின் மொழியில் கிடைக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும், அது எழுப்பப்பட்ட மொழியிலேயே, எழுத்து மூலம் பதில் தரப்பட வேண்டும். தன் கிணற்று நீர் என்னவாகும் என்று கேட்ட அந்த விவசாயிக்கு ஜோர்பாக்கிலிருந்து ஒரு கடிதம் வந்து சேரும் நாளில்தான், கருத்துக் கேட்பு என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் கிடைக்கும்.