மாட்டுக்குப் புண்ணாக்கு, தாய்க்கு ரசம் சோறு

தஞ்சாவூர்ப் பக்கம் கறவை மாடு வைத்திருக்கும் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்று போட்ட மாட்டுக்கு வெறும் வைக்கோலைப் போட்டால் கறவையும் குறையும், விலா எலும்பும் தெரியும். அதனால்தான் கடலைப் புண்ணாக்கு ஊறுகிறது, பருத்திக்கொட்டை அரைபடுகிறது. அதே வீட்டில் பிள்ளை பெற்று நாற்பது நாளான பெண்ணின் தட்டில், பத்தியம் என்ற பெயரில், ரசம் சோறும் சுட்ட அப்பளமும் இருக்கும். பருப்பு வாயு, முட்டை சூடு, கீரை குழந்தைக்கு ஆகாது என்று ஆளுக்கொரு தடை. எல்லாப் பத்தியமும் இப்படியில்லை. பால் சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் வைத்துக் கொடுத்த பாட்டிகள் விவரமானவர்கள். தடைகளை மட்டும் வைத்துக்கொண்டு சுறாவை மறந்துவிட்ட வீடுகளைப் பற்றித்தான் கவலை.

மாட்டுக்கும் பெண்ணுக்கும் உடம்புக்குள் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் கோத்து உருவாவது. அவற்றில் ஒன்பதை மனித உடம்பால் செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். பால் சுரக்கத் தொடங்கியதும் பாலூட்டிகளின் உடம்பு தன் வரவு செலவையே மாற்றி எழுதுகிறது. புரோலாக்டின் போன்ற ஹார்மோன்களின் தூண்டுதலால் பால் சுரப்பிகள் ரத்தத்திலிருந்து அமினோ அமிலங்களை வேகமாக இழுக்கின்றன. லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்றும் மற்ற நாள்களில் பெரும்பாலும் தசையில் செலவாகிறவை. பாலூட்டும் எலிகளை ஆராய்ந்தபோது, தசையிலும் கல்லீரலிலும் அந்தச் செலவு குறைந்து பால் சுரப்பியில் கூடியிருந்தது. பாலுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே சுரப்பி இவற்றை எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தை உடைத்து, அதிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு குளூட்டமேட், குளூட்டமின் போன்றவற்றைச் செய்கிறது. தாய்ப்பாலில் தனித்து மிதக்கும் அமினோ அமிலங்களில் இந்த இரண்டும்தான் அதிகம்.

இவ்வளவு சிக்கனத்துக்குப் பிறகும் பற்றாக்குறை வந்தால் உடம்பு தன் தசையைக் கரைக்கும். ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் பால் புரதத்தைக் கோக்க முடியாது என்பதால், அந்த ஒன்றுக்காகவே தசை கரைய நேரிடும். நெல் விளையும் நாட்டில் அந்த ஒன்று லைசின். அரிசியில் 100 கிராமுக்கு 8 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு; ஆனால் அந்தப் புரதத்தில் லைசின் குறைவு. தாய்ப்பாலின் புரதத்திலோ லைசின் நிறைய. மாட்டுக்காவது ஒரு துணை இருக்கிறது: அதன் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் எல்லா அமினோ அமிலங்களையும் செய்து கொடுக்கும். அப்படியும் நன்றாகக் கறக்கும் மாட்டுக்குப் போதாமல் புண்ணாக்கு வைக்கிறோம். பெண்ணுக்கு அந்தத் துணையும் கிடையாது.

இங்கே ஒரு பயத்தைத் தீர்த்துவிட வேண்டும். சாப்பாடு ஓரளவு குறைந்தாலும் தாய்ப்பாலின் புரத அளவு எளிதில் இறங்காது. பால் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம், குழந்தை போதிய தடவை வாய் வைத்துக் குடிக்காததுதான். ஆகவே மெலிந்த தாயைப் பார்த்து, "உன் பால்ல சத்து இல்ல, டப்பாப் பால் குடு" என்று சொல்வது தவறு. நட்டம் முதலில் தாய்க்குத்தான். குழந்தை கொழுகொழுவென்று இருப்பதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. டப்பாப் பாலை விளம்பரப்படுத்துவதும், தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. மருத்துவமனை வாசலில் யாராவது டப்பாவை நீட்டினால், கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, சாதாரணமாக ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 46 கிராம் புரதம் வேண்டும். பாலூட்டும் முதல் ஆறு மாதம் அதற்கு மேல் 17 கிராம், அடுத்த ஆறு மாதம் 13 கிராம். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்குக் கிடைக்கும் புரதம் 7 கிராம், அதுவும் வீடு முழுவதற்கும். கணக்கு எங்கே இடிக்கிறது என்பது தெரிகிறதல்லவா?

அந்த இடைவெளியை நிரப்பத்தான் சட்டம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதமும் அங்கன்வாடி வழியாக இலவச உணவைத் தாயின் உரிமையாக்குகிறது. அளவும் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது: நாளுக்கு 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம். தமிழ்நாட்டில் இது சத்துமாவாக வருகிறது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 165 கிராம். கோதுமையோடு கடலைப்பருப்பும் சேர்ந்திருப்பதால் தானியத்தில் குறைவாக இருக்கும் லைசினைக் கடலைப்பருப்பு ஈடுகட்டும். ஆனால் பாக்கெட் வீட்டுக்கு வந்ததும் மாமனாருக்கும் பிள்ளைகளுக்கும் உருண்டையாகிறது. சில வீடுகளில் மாட்டுத் தொட்டிக்கும் போகிறது. அது தாயின் பங்கு. அவள் உடம்பில் சேர்ந்தால்தான் சட்டத்துக்கு அர்த்தம்.

தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு போகும் பெண்கள் இரண்டு ஊரிலும் மாவில்லாமல் நிற்பதுண்டு. அங்கன்வாடிகளின் போஷன் டிராக்கர் செயலியில் ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெயரை மாற்ற வழியிருக்கிறது. பணியாளரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மாவு வராவிட்டால் எந்தெந்த வாரம் வரவில்லை என்று தேதியோடு குறித்து வையுங்கள். முதலில் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். அசைவில்லை என்றால் திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். அதற்கும் மேலே மாநில உணவு ஆணையம். உரிய உணவு தரப்படாவிட்டால் ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி பெற வேண்டும் என்று அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. மனுவில் அந்தப் பிரிவு எண்ணை எழுதினால் மனுவை வாசிக்கிற கண் மாறும்.

பணமும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயில் தொடங்கியது. பின்னர் 18,000 ஆனது. அதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 19 வயது நிறைந்த பெண்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு. கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி என்னும் கர்ப்பப் பதிவு எண் வாங்கிவிட வேண்டும்; தாமதித்தால் தவணை சிக்கும். ஜவுளிக்கடை, தனியார் பள்ளி போன்ற, பத்துப் பேருக்குக் குறையாத இடங்களில் வேலை செய்வோருக்கு 26 வாரச் சம்பள விடுப்பும், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளையும் உண்டு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களை இந்த உரிமைகள் தொடுவதேயில்லை. காவிரி டெல்டாவில் வேலைக்குப் போகும் பெண்களில் பெரும்பகுதி அவர்கள்தான்.

சமையலறையில் செய்யக்கூடியது பெரிய செலவில்லை. சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பு, ஈரம் இருக்கும்போதே நிற்கும் பயிருக்குள் உளுந்தும் பயறும் விதைப்பது இந்த மண்ணின் வழக்கம். ஆடுதுறை 3 உளுந்து இதற்கென்றே கொடுக்கப்பட்ட ரகம். அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளைத்த செடியை நசுக்குவதால் பல வயல்களில் அந்த வழக்கம் தேய்ந்துவிட்டது. நிலத்துக்கு மட்டுமல்ல, தட்டுக்கும் அது இழப்பு. மூன்று நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து சேர்ந்த இட்லி, உளுந்தங்களி, ஒரு முட்டை, நாகப்பட்டினத்துச் சின்ன மீன், ஒரு டம்ளர் மோர் என்று இருந்தால் போதும். டப்பாவில் விற்கும் புரோட்டீன் பவுடருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சந்தேகத்துக்கு 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது.

சட்டத்தில் ஓர் ஓட்டை மிச்சமிருக்கிறது. தாயின் மாவு ஆறாவது மாதத்தோடு நிற்கிறது. ஏழாவது மாதத்திலும் அவள் பால் கொடுக்கிறாள். அந்த 13 கிராம் தேவை ஆண்டு முடியும்வரை இருக்கிறது. பெரும்பாலும் அதே சமயத்தில் அவள் நடவுக்குத் திரும்பியும் இருப்பாள். மாநில அரசு இதற்கு மேலும் கொடுப்பதை மத்தியச் சட்டம் தடுக்கவில்லை. வருகிற கிராம சபையில், பாலூட்டும் தாய்க்கு ஓராண்டு முழுக்கச் சத்துமாவு என்று ஒரு தீர்மானம் கொண்டுவரலாம்.